கிரீஸ் கன்னா, உள்ளங்கையா? டிராவல் டிரெய்லர் பேரிங்குக்கு எது பொருந்தும்

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் நடமாடும் வீடு. அதில் எஞ்சினும் இல்லை, கியரும் இல்லை. ஓட்டத்தில் தேய்வது டயர், பிரேக், பேரிங் என்ற மூன்றுதான். டயரும் பிரேக்கும் கெடுவதற்கு முன் சாடை காட்டும். பேரிங் பெரும்பாலும் காட்டாது. குளிர்காலம் முழுக்க நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் துருப்பிடித்துவிட்டு, கோடையில் நெடுஞ்சாலை ஏறி இரண்டு மணி நேரம் ஆனதும் கட்டிக்கொள்ளும்.

அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு டெக்ஸ்டர் அல்லது லிப்பர்ட் நிறுவனத்தின் ஆக்சில்தான். ஒவ்வொரு ஹப்பிலும் (சக்கரத்தின் நடுக்குடம்) கூம்பு வடிவ ரோலர் பேரிங் இரண்டு இருக்கும்: உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. இந்த வகைக்கு 1898இல் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன் குதிரை வண்டி கட்டியவர். டிரெய்லர் ஹப்பைத் திறந்து பார்த்தால் அந்த வண்டிச் சக்கரத்திலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை என்றுதான் தோன்றும்.

இதைப் பராமரிக்க நான்கு வழிகள் உண்டு. உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

நிப்பிள் வழியாக கிரீஸ் அடிப்பது

டெக்ஸ்டர் இதை ஈசி லூப் என்கிறது, லிப்பர்ட் சூப்பர் லூப் என்கிறது. ஸ்பிண்டில் (ஹப் சுழலும் ஆக்சில் முனை) நுனியில் கிரீஸ் கன்னை மாட்டும் ஒரு நிப்பிள் இருக்கும், டஸ்ட் கேப்பின் நடுவே ஒரு ரப்பர் மூடி. அடிக்கும் கிரீஸ் ஸ்பிண்டிலுக்குள் துளைத்த வழியாகப் பின்னால் போய், சீலுக்கும் (ஹப்பின் பின்பக்கம் கிரீஸைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உள் பேரிங்குக்கும் நடுவில் வெளிவரும். அங்கிருந்து உள் பேரிங், ஹப்பின் குழி, வெளி பேரிங் என்று முன்னோக்கி நகர்ந்து, பழைய கிரீஸைத் தள்ளிக்கொண்டு நிப்பிளைச் சுற்றி வழியும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை.

ஏற்பாடு அழகானது. ஆனால் கிரீஸ் வெளிவரும் அந்த இடத்தைக் கவனியுங்கள்: சீலின் மடியிலேயே போய் விழுகிறது. முன்னால் போகும் வழி அடைபட்டிருந்தால் அடுத்த வாசல் சீல்தான். சீல் தாண்டினால் பிரேக் டிரம். நால்வகைத் தவறுகள் இதை வரவழைக்கும்: சக்கரத்தைச் சுற்றாமல் அடிப்பது, குளிரில் இறுகிய கிரீஸை வேகமாகத் திணிப்பது, பேட்டரி கிரீஸ் கன்னை விடாமல் அழுத்திப் பிடிப்பது, நைந்துபோன அல்லது ஒற்றை உதடு கொண்ட மலிவு சீலோடு அடிப்பது.

சரியான முறை இது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். நிப்பிளைத் துடையுங்கள், துடைக்காவிட்டால் முதல் அடியிலேயே மண் உள்ளே போகும். கைக் கன்னால் மெதுவாக அடியுங்கள். இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். கன் கைப்பிடி திடீரென்று கனத்தால் நிறுத்துங்கள். புது கிரீஸின் நிறம் முன்னால் தெரிந்ததும் போதும். ஹப் குழி காலியாக இருந்தால் முதல் முறை நிரப்பவே ஏகப்பட்ட கிரீஸ் இழுக்கும். 14 அவுன்ஸ் குழாய் ஒன்றோடு மட்டும் நான்கு சக்கரத்துக்கும் கிளம்பினால் பாதியில் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

பின்னால் கசிந்ததா என்பதை அடிக்கும்போது பார்க்க முடியாது என்பதுதான் இதன் பெரிய குறை. கிரீஸ் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிக் காப்பாற்றலாம் என்று நம்ப வேண்டாம். கிரீஸ் லைனிங்குக்குள் இறங்கிவிடும், சூடானதும் மறுபடி கக்கும். இரண்டு பக்கமும் ஷூ மாற்றியாக வேண்டும். பலர் மின்சார பிரேக்கை இயக்கும் மேக்னெட்டோடு சேர்ந்த முழு பிரேக் தட்டையே வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். வேலை அதில் குறைவு.

கழற்றி, கழுவி, கையால் அடைப்பது

ஒரு ஆக்சிலுக்கு அரை நாள் போகும். உடையெல்லாம் கிரீஸ். அப்படியிருந்தும் எங்கள் ஓட்டு இதற்குத்தான். காரணம் கிரீஸ் அல்ல. டிரம்மைக் கழற்றினால் ஷூ எவ்வளவு மிச்சம், மேக்னெட் தேய்ந்ததா, ஒயர் உரிந்ததா, சீல் கசிகிறதா, ரோலர் நிறம் மாறியதா என்று எல்லாமே கண்ணில் படும். நிப்பிள் வைத்து விற்கும் டெக்ஸ்டரின் கையேடே 12 மாதத்துக்கு அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, பேரிங்கைச் சோதிக்கச் சொல்கிறது. நிப்பிள் இருப்பதால் அந்த வேலை தள்ளுபடி ஆவதில்லை.

டிரெய்லரை இழுவை வண்டியில் மாட்டியபடியே வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை சட்டத்தின் அடியில்தான் வைக்க வேண்டும். ஆக்சில் குழாயில் வைத்தால் அது வளையும், பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும். டஸ்ட் கேப், கோட்டர் பின், காஸில் நட்டு, வாஷர், வெளி பேரிங் என்ற வரிசையில் கழற்றினால் டிரம் கையோடு வரும். வராமல் முரண்டு பிடித்தால் ஷூ டிரம்மின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. பின்தட்டின் துவாரம் வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் விழும். அந்தச் சீல் குப்பைக்கு. சில டாலர் சீலை மிச்சப்படுத்தி ஷூவுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகக் காய விடுங்கள். காற்றுக் குழாயைப் பிடித்து பேரிங்கை விர்ரென்று சுழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், ரோலர் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கும். ரோலரில் நீலம் பாய்ந்திருந்தால் அது வெந்துவிட்டது. கப்பில் (ரோலர்கள் உருளும் வெளி வளையம்) சம இடைவெளியில் கோடுகள் இருந்தால் ஈரத்தோடு நீண்ட காலம் அசையாமல் நின்றிருக்கிறது. உலோகம் செதிள் செதிளாகப் பெயர்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது. கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நல்லதாகத் தெரிந்தால் அதே பேரிங் அதே கப்பில்தான் திரும்பப் போக வேண்டும். கெட்டிருந்தால் பேரிங்கும் கப்பும் ஜோடியாக மாற வேண்டும்.

அடைக்கும்போது உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதன் ஓரத்தில் அழுத்துங்கள். மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவிலிருந்து புழுப்புழுவாகக் கிரீஸ் வரும்வரை விடக்கூடாது. பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த பகுதி. வெளியே பூசிவிட்டு நிரம்பியதாக நினைப்பதுதான் இதில் வழக்கமான ஏமாற்று வேலை. கப்புகளில் மெல்லிய பூச்சு, புதுச் சீலின் உதட்டில் ஒரு தடவல். சீலை மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு ராத்தல் டின் நான்கு சக்கரத்துக்குக் காணும்.

நட்டு முடுக்குவதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். டிரம்மைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு (சுமார் 68 நியூட்டன் மீட்டர்) வரை இறுக்கி பேரிங்கை உட்கார வையுங்கள். பிறகு டிரம் திரும்பாமல் நட்டை முழுக்கத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்குங்கள். கோட்டர் பின் துளை நேராக வராவிட்டால் துளி பின்னால் எடுங்கள், முன்னால் இறுக்காதீர்கள். காருக்கு முடுக்கிய பழக்கத்தில் இறுக்கிவிட்டால் பேரிங் வேகும். அதிகம் விட்டால் சக்கரம் ஆடிச் சீலைத் தின்றுவிடும்.

3,500 பவுண்டு ஆக்சிலில் பரவலாக இருப்பவை உள்ளே எல்68149, வெளியே எல்44649, சீல் 10-19. ஆனாலும் பழையதில் பொறித்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள். கிரீஸ் அடைத்த ஒரு ஜோடியையும் ஒரு சீலையும் பையில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டால், நடுவழியில் ஒரு மணி நேரத்தில் ஹப்பை மீட்டுவிடலாம். இந்த முறைக்கான வலுவான வாதங்களில் இதுவும் ஒன்று.

மற்ற இரண்டு

பேரிங் பட்டி என்பது டஸ்ட் கேப்புக்குப் பதிலாகப் பூட்டும் ஸ்பிரிங் மூடி. ஹப்புக்குள் கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும். படகு டிரெய்லருக்கு இது வரம்: சூடான ஹப் குளிர்ந்த ஏரியில் மூழ்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்ணீரை உறிஞ்சும், இது தடுக்கும். தண்ணீரில் இறங்காத டிராவல் டிரெய்லருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. தவிர, கிரீஸ் முன்னாலிருந்து பின்னால் போவதால் பழையது வெளியேற வழியும் கிடையாது. வீண் செலவு.

டெக்ஸ்டரின் நெவர் லூப் சீல் வைத்த கார்ட்ரிட்ஜ் பேரிங். கிரீஸ் அடிப்பதே இல்லை. ஆட்டமும் இரைச்சலும் பார்த்தால் போதும். கையில் கறை படக்கூடாது என்பவர்கள் புது டிரெய்லர் வாங்கும்போது கேட்டு வாங்கலாம். கெட்டால் பிரஸ் வைத்துத்தான் மாற்ற முடியும், உதிரியும் சிறு ஊர்க் கடையில் கிடைக்காது. சாதாரண ஸ்பிண்டிலில் இதைப் பொருத்தவும் முடியாது.

கிரீஸ் எது

கெட்டித்தன்மையில் என்எல்ஜிஐ 2, வகையில் லித்தியம் காம்ப்ளெக்ஸ், டப்பாவில் சக்கர பேரிங்குக்கு ஏற்றதைக் காட்டும் ஜிசி-எல்பி முத்திரை. நிறம் பார்த்து வாங்கினால் மோசம் போவோம். சிவப்பும் நீலமும் வெறும் சாயம். பாலியூரியா அல்லது களிமண் வகை கிரீஸோடு லித்தியம் கலந்தால் இளகி ஓடிவிட வாய்ப்புண்டு. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் நிப்பிள் வழியாகப் புதியதை அடித்தால் நடப்பது இந்தக் கலப்படம்தான். கழற்றிக் கழுவுபவருக்கு இந்தக் கவலையே இல்லை.

நிப்பிள் இருக்கும் ஆக்சிலிலும் ஆண்டுக்கொருமுறை கழற்றி, கையால் கிரீஸ் அடையுங்கள். நீண்ட பயணத்தின் நடுவே மட்டும், சீல் நல்லதென்று தெரிந்திருந்தால், கைக் கன்னால் மெதுவாகக் கொஞ்சம் அடிக்கலாம்.

வேலை முடிந்து முதல் 50 மைலில் நிறுத்தி சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். அப்போதே நான்கு ஹப்பையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்துவிடுங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பு என்றால் கவலையில்லை. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள்: ஷூ உரசினால் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும், உரசல் இல்லாமல் கரகரத்தால் நட்டு இறுக்கம் அல்லது பேரிங், அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும்.