9 பவுண்டு எடை என்று விற்கும் 'முழு சேடில் செட்' வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை. வீட்டுக் கொல்லையில் இருக்கும் மேப்பிள் மரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வேட்டைக்காக மரத்தில் தொங்கி உட்காரும் புது சேடிலைக் கட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. நான்காவது முறை உடம்பை வலது பக்கம் திருப்பினேன். சர்ரென்று ஒரு சத்தம். இடுப்புக்கு முன்னால் என்னைத் தாங்கிக்கொண்டிருந்த கயிறு அதன் பின்னலை விட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. மல்லாக்க விழுந்தேன். இடது மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். இதே சேடிலில்தான் அக்டோபரில் 20 அடி உயரத்தில், இருட்டில், தனியாக உட்கார இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மிச்சிகனில் வில் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேடில் என்பது இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு தொங்கு இருக்கை. அதன் இரண்டு பக்கத்தையும் இணைத்து முன்னால் வரும் கயிறு பிரிட்ஜ். மரத்தைச் சுற்றிக் கட்டி அந்த பிரிட்ஜைப் பிடித்துக்கொள்ளும் கயிறு டெதர். காலை ஊன்ற ஒரு சின்ன மிதிபலகை, ஏறுவதற்கு மரத்தில் வாரால் கட்டும் சின்ன ஏணித் துண்டுகளான ஸ்டிக் மூன்று நான்கு. மிச்சிகன்காரரான ஜான் எபர்ஹார்ட் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாக சேடிலில் உட்கார்ந்துதான் வெள்ளைவால் மானை வேட்டையாடுகிறார்கள். நல்ல சாமான், சரியான பழக்கம் இரண்டும் இருந்தால் நம்பி உட்காரக்கூடிய முறை இது.

எனக்கு எடை முக்கியம். நான் போவது பெரும்பாலும் வாட்டர்லூ பொது நிலம். வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் இருட்டில் நடக்க வேண்டும், நடுவில் சதுப்பு. மரத்தில் நம்மோடு சேர்ந்து ஏறும் இருக்கையான பழைய கிளைம்பர் ஸ்டாண்டு 20 பவுண்டுக்கு மேல். அது கிளையில்லாத நேர் மரத்தில் மட்டும்தான் ஏறும். திருகாணிப் படிகளை வைத்து ஏறலாம் என்றால் இங்கே பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் அடிக்கக்கூடாது. ஆக, வாரால் கட்டும் ஸ்டிக்கும் சேடிலும்தான் வழி என்று தேடிக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது.

சேடில், மிதிபலகை, நான்கு ஸ்டிக், டெதர், கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கேரபைனர், பை எல்லாம் சேர்த்து 9 பவுண்டு. விலை 279 டாலர். பெயருள்ள கம்பெனிகளில் தனித்தனியாக வாங்கினால் 600 டாலரைத் தாண்டிவிடும். தளத்தில் அமெரிக்கக் கொடி, ஒரு பட்டறையின் படம், கீழே ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக நேராக அனுப்பினால் இன்னும் 12 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள். அனுப்பியிருப்பேன். மனைவிதான், "கிரெடிட் கார்டுலயே கட்டுங்க. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்று தடுத்தாள். அவள் சொன்னதுதான் கடைசியில் பணத்தைக் காப்பாற்றியது.

ஐந்து வாரம் கழித்து வெளிநாட்டு முத்திரையோடு ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பொட்டலம் வந்தது. ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்துக் கூட்டினேன். 11 பவுண்டு 6 அவுன்ஸ். இந்த எடைப் பொய்கூடப் பெரிதில்லை. எதையெல்லாம் விட்டுவிட்டும் குறைத்தும் அந்த எடையைக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பயங்கரம்.

முதலில் பிரிட்ஜ், என்னைக் கீழே போட்டதே அதுதான். உள்ளே கூடாக இருக்கும் பின்னல் கயிறு, டைனீமா என்ற செயற்கை நார் வகை என்று போட்டிருந்தார்கள். இந்த வகைக் கயிறு வழவழப்பானது, சாதாரண முடிச்சு நிற்காது. அதனால் கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே செருகிக் கண்ணி போடுவார்கள். இழுக்க இழுக்க வெளிக்கூடு இறுகி உள்ளே இருக்கும் வாலைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு நீளம் செருகியிருக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கப்பல் கயிறு வேலை செய்கிறவர்கள் சொல்லும் கணக்கு, கயிற்றின் குறுக்களவைப் போல 72 மடங்கு. 6 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். எனக்கு வந்ததில் உருவிக்கொண்ட வாலை அளந்தேன். 10 சென்டிமீட்டர். நழுவாமல் இருக்கக் குறுக்கே ஒரு தையல்கூட இல்லை. நேராக உட்கார்ந்தபோது பிடித்தது. எழுந்து, தளர்ந்து, திரும்பி, மறுபடி உட்கார உட்காரக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. மானைப் பார்த்து மரத்தைச் சுற்றி நகரும்போது நாம் செய்வதும் அதே அசைவுதான். வெளியிலிருந்து பார்த்தால் குறை எதுவும் தெரியாது. உள்ளே வால் எங்கே முடிகிறது என்று விரலால் அழுத்திக்கொண்டே போனால் கயிறு திடீரென்று மெலியும் இடத்தில் தெரிந்துவிடும். வாங்கிய அன்றைக்கே நான் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது டெதர். 8 மில்லிமீட்டர் கயிறு. மெல்லிய கயிறு என்பதே தப்பில்லை, 8 மில்லிமீட்டரிலேயே பலமான நல்ல கயிறுகள் இருக்கின்றன. ஆனால் அதோடு தந்திருந்த, கயிற்றைக் கவ்வி நிறுத்தும் பிடிப்புக் கருவியின் மேலேயே 10 முதல் 13 (மில்லிமீட்டர்) என்று பொறித்திருக்கிறது. மெல்லிய கயிற்றை அதன் பல் கவ்வவில்லை. நான் உட்கார்ந்ததும் அரையடி கீழே நழுவி நின்றது. புதுக் கயிறு, அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பெட்டியில் வைத்திருந்தால் மணிக்கட்டு தப்பியிருக்கும்.

கேரபைனரில் '22' என்று மட்டும் வெள்ளை எழுத்து. நல்ல கேரபைனரின் முதுகில் மூன்று எண் பொறித்திருக்கும். நீளவாக்கில் எவ்வளவு தாங்கும், குறுக்குவாக்கில் எவ்வளவு, வாய் திறந்திருந்தால் எவ்வளவு. எல்லாம் கிலோநியூட்டனில். 1 கிலோநியூட்டன் ஏறக்குறைய 102 கிலோ எடையின் இழுப்பு. நீளவாக்கில் 22, 24 தாங்கும் கேரபைனர் குறுக்கே 7, 8 தான் தாங்கும். அதனால்தான் மூன்று எண்ணும் தேவை. தயாரித்தவர் பெயரும் தர எண்ணும்கூட இருக்கும். எனக்கு வந்ததில் எதுவும் இல்லை, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் இரண்டு தேய்ப்பில் அந்த 22-ம் அழிந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது லைன்மேன் கயிறு இல்லாததற்குத்தான். மரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் கயிறு அது. அது இருந்தால்தான் இரண்டு கையையும் விட்டுவிட்டு அடுத்த ஸ்டிக்கைக் கட்ட முடியும். அது இல்லாமல் ஏறுகிறவர் ஒரு கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாரை இழுத்துக்கொண்டு 15 அடியில் எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிறார். முழு செட் என்று விற்கிறவர்கள் இந்தக் கயிற்றை விட்டுவிட்டு எடை குறைவு என்கிறார்கள். புதிதாக வருகிற ஒருவருக்கு அப்படி ஒரு கயிறு வேண்டும் என்பதே தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேடில் விழுகிறவரைப் பிடிக்கும் கருவி இல்லை. டெதர் எப்போதும் இறுக்கமாக, தலைக்குப் பக்கத்தில் அல்லது மேலே கட்டியிருக்க வேண்டும். நீளாத கயிறு என்பதால் இரண்டடி தளர்வோடு விழுந்தாலே அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும் முதுகிலும்தான் இறங்கும். நல்ல கம்பெனிகள் இதைக் கையேட்டில் எழுதித் தருகின்றன. எனக்கு வந்த பொட்டலத்தில் கையேடே இல்லை.

கம்பெனிக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதிலில் சாமானை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 சதவீதம் தருகிறோம் என்றார்கள். விழுந்ததைச் சொன்னேன். நீங்கள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்றதற்கு, என் செலவில் வெளிநாட்டு முகவரிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். தபாலில் விசாரித்தால் 90 டாலருக்கு மேல். ஒவ்வொரு பதிலுக்கும் நான்கைந்து நாள். அந்தத் தாமதம் தற்செயலானது இல்லை என்று நினைக்கிறேன். 1974-ம் ஆண்டுச் சட்டப்படி கிரெடிட் கார்டில் தகராறு எழுப்ப, அந்தச் செலவு முதலில் வந்த பில்லை அனுப்பிய நாளிலிருந்து 60 நாள்தான். பொட்டலம் வரவே ஐந்து வாரம், கடிதப் போக்குவரத்தில் மூன்று வாரம். நான் வங்கிக்கு எழுத்தில் கொடுத்தபோது 52-வது நாள். இன்னும் ஒன்பது நாள் பொறுமையாகக் காத்திருந்தால் அந்த வழியும் அடைந்திருக்கும். அளவுகோலை வைத்து எடுத்த படங்கள், கேரபைனர் படம், அவர்களுடைய பதில்கள் எல்லாம் கொடுத்தேன், பணம் முழுவதும் திரும்பியது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் சேஃபர் ப்ராடக்ட்ஸ் தளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி வந்திருந்தால் தயவுசெய்து பதியுங்கள், பத்து நிமிட வேலைதான்.

இப்போது தனித்தனியாக வாங்கி வைத்திருக்கும் செட் லைன்மேன் கயிற்றோடு சேர்த்து 14 பவுண்டு வருகிறது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கில் குறையுங்கள். நான்குக்குப் பதில் மூன்று ஸ்டிக், கீழே கால் வைக்க வாரால் ஆன ஒரு படி. மிதிபலகையைச் சின்னதாக எடுக்கலாம், கால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். கயிறு, கேரபைனர், பிரிட்ஜ் மூன்றிலும் ஒரு அவுன்ஸ்கூடப் பேரம் பேசாதீர்கள். எடை எழுதியிருந்தால் எதெதைச் சேர்த்த எடை என்று கேளுங்கள். பிரிட்ஜில் வால் எத்தனை அங்குலம், பிடிப்புக் கருவி எந்தக் கயிற்றுக்கு என்று எழுதிக் கேளுங்கள். நான் கடைசியாக வாங்கிய இடத்தில் அன்று மாலையே அளவோடு பதில் வந்தது. புதுச் சாமானை வாரக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே பழகுங்கள். மரத்தையும் பாருங்கள். 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு இங்கே ஆஷ் மரங்களைக் கொன்று போட்டிருக்கிறது. நேராக, வாகாக நிற்கும், ஆனால் செத்த மரம். அதில் ஏறவே கூடாது.

அந்தத் தளம் பெயரை மாற்றிக்கொண்டு அதே படங்களோடு மறுபடி விற்கிறது. விலை இப்போது 249. அக்டோபர் 1 வில் சீசன் நெருங்க நெருங்க அந்த விளம்பரம் இன்னும் அதிகமாகக் கண்ணில் படும். வங்கியில் விஷயம் முடிந்ததும் என்னிடம் இருந்த சேடிலையும் கயிறுகளையும் துண்டு துண்டாக வெட்டினேன், கேரபைனர்களின் வாயை வளைத்துப் போட்டேன். குப்பையிலிருந்து யாராவது எடுத்து அதில் தொங்கிவிடக் கூடாது.