நடுத்தண்டை ஏற்றாமல் எவ்வளவு உயரம்? மான்ஃப்ரோட்டோ 055 கார்பன் முக்காலி

சிங்கப்பூரின் மரீனா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் அந்தி நேரத்தில் நின்று படமெடுத்தவர்களுக்கு அங்கே வீசும் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அறுபது வெள்ளிக்கு வாங்கிய என் முதல் முக்காலி அங்கேதான் கைவிட்டது. கால்களுக்கு நடுவே மேலேற்றக்கூடிய குழாயான நடுத்தண்டை முழுவதும் ஏற்றி, ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்து எடுத்த படங்களில் கோபுர விளக்குகள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தன. பூமத்திய ரேகையை ஒட்டிய நம் ஊரில் அந்தி சட்டென்று இருண்டுவிடும் என்பதால், குறை எங்கே என்று நான் கண்டுபிடிப்பதற்குள் வானத்தின் நீலம் போய்விட்டது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் மான்ஃப்ரோட்டோ 055 வரிசையில் மூன்று பகுதிக் கால்களுடன் வரும் கார்பன் ஃபைபர் முக்காலி. கேமராவைப் பொருத்தும் தலைப்பகுதி இல்லாமல் அதன் எடை 2 கிலோ. அதே வரிசையின் அலுமினிய முக்காலி 2.5 கிலோ. இரண்டுமே 9 கிலோ வரை தாங்கும். நடுத்தண்டை ஏற்றினால் 170 செ.மீ., ஏற்றாவிட்டால் 140 செ.மீ. உயரம் கிடைக்கும். இயற்கைக் காட்சிகளை எடுப்பவர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடுத்தண்டை ஏற்றிவிட்டால், மூன்று கால்களில் ஊன்றியிருந்த கேமரா ஒற்றைக் குழாயின் நுனிக்குப் போய்விடுகிறது. 140 செ.மீ. மேல் பால் ஹெட்டும் (உருண்டை மூட்டுள்ள தலைப்பகுதி) கேமராவும் அமரும்போது, 165 செ.மீ. உயரமுள்ள எனக்குக் குனிய வேண்டியதில்லை. நீர்முகப்புக் கைப்பிடிக் கம்பிகளும் காட்சியை மறைப்பதில்லை.

வாங்கப் போகும்போது சொந்தக் கேமராவையும் இருப்பதிலேயே கனமான லென்ஸையும் எடுத்துச் செல்லுங்கள். பெனின்சுலா கடைத்தொகுதியில் நான் செய்தது இதுதான்: கால்களை முழுவதும் நீட்டி, திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் முனையை விரலால் இலேசாகத் தட்டினேன். காட்சி நடுங்கி எத்தனை விரைவில் நிலைக்கிறது என்பதை வைத்து மூன்று முக்காலிகளை ஒப்பிட்டேன். இந்த முக்காலியில் நடுக்கம் மற்ற இரண்டையும்விட விரைவாக அடங்கியது.

இதன் கால்கள் லிவர் பூட்டு, அதாவது சிறு நெம்புகோலை மடக்கி இறுக்கும் பூட்டு, கொண்டவை. திருகும் பூட்டுக்கு மணல் பெரும் பகை என்பதால் சாங்கி கடற்கரைக்குப் போகும் எனக்கு இதுவே வசதியாக இருக்கிறது. வழக்கமாகத் தடித்த மேல்பகுதியைத்தான் முதலில் நீட்ட வேண்டும். நீருக்குள் நிறுத்தும்போது மட்டும் மெல்லிய அடிப்பகுதியை முதலில் முழுவதும் இழுத்துக்கொள்கிறேன். அப்போது பூட்டு அலைக்கு மேலே நிற்கும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, கால்களை நீட்டியபடியே உலர விடுகிறேன்.

நடுத்தண்டைக் கிடைமட்டமாகச் சாய்த்துக் கால்களை விரித்தால் தரையிலிருந்து 9 செ.மீ. வரை இறங்கலாம். அலை வடிந்த மணலின் வரிகளை முன்னணியில் வைக்க விரும்புவோருக்கு இது பெரிய வசதி.

ஆனால் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் பலகைப் பாதையில் யாராவது ஓடி வந்தால் எந்த முக்காலியும் சேர்ந்து ஆடும். அங்கே அவர் கடந்து போகும்வரை காத்திருந்துதான் ஷட்டரை அழுத்துகிறேன். மடக்கிய நீளம் 61 செ.மீ. என்பதால் முதுகுப்பைக்குள் அடங்காது, பக்கவாட்டில்தான் கட்ட வேண்டும். எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் அதை முன்பக்கமாக அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.