ஹோஸ்பிஸ் மலேசியா: அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்தபோது

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டரின் பரிந்துரைக் கடிதத்தை செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவுக்கு அனுப்பினோம். குணமாக்க முடியாத நோயில் இருப்பவர்களுக்கு வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ள 1991இல் தொடங்கிய அமைப்பு. கோலாலம்பூர் வட்டாரத்தில் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள், கட்டணம் கிடையாது.

செந்தூல் வீட்டுக்கு வந்த தாதி முதலில் அப்பாவிடம்தான் பேசினார்: "எங்க வலிக்குதுப்பா?" அப்புறம் அம்மாவை உட்கார வைத்தார். வலி மருந்தான மார்ஃபினை வலி வந்த பிறகு அல்ல, நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து வேண்டும் என்று சொல்லி, அம்மாவையே சிரிஞ்சில் அளவு இழுத்துக் காட்டச் சொன்னார். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று சித்தி கிளப்பிய பயம் அன்றோடு அடங்கியது. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கவும் காட்டினார். எனக்கு அதெல்லாம் பெரிய ஆறுதல்.

ஆனால் அவர்கள் கூடவே தங்குபவர்கள் இல்லை. குளிப்பாட்டுவது, பாம்பர்ஸ் மாற்றுவது நம் வேலை. அதற்குத் தனியார் ஏஜென்சியில் ஆள் எடுத்தோம். தினம் ஒரு புது முகம், அப்பாவுக்குக் கூச்சம். சரி என்று நிறுத்திவிட்டு, நானும் தம்பியும் முறை போட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அலையாமல், வார்டிலேயே கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.