தேர்வு ஹாலுக்கு நம்பி எடுத்துப்போகக்கூடிய கால்குலேட்டர்: கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ்

இன்ஜினியரிங் சேரும் தம்பி தங்கைகள் எந்த கால்குலேட்டர் வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் கேசியோ 991எம்எஸ் என்றுதான் சொல்வேன். எட்டு செமஸ்டரும் ஒரே கால்குலேட்டரில் ஓட்டினேன். அட்டையில் 401 ஃபங்ஷன் என்று போட்டிருக்கும், அதற்காகச் சொல்லவில்லை. தேர்வு ஹாலில் யாரும் இதைப் பிடுங்கி வைத்ததில்லை, அதுதான் காரணம்.

புரோகிராமபிள் கால்குலேட்டர் கூடாது என்பது எங்கள் காலேஜ் விதி, அது சரியான விதியும்கூட. கேசியோவிலேயே 5800பி என்று ஒன்று உண்டு, ஃபார்முலாவை உள்ளே எழுதி வைத்துக்கொள்ளலாம், சர்வே வேலைக்குப் போகிறவர்களுக்கு அருமையான கருவி, ஆனால் ஒருவன் அதை வைத்துக்கொண்டும் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் மனப்பாடத்தை நம்பியும் ஒரே கேள்வித்தாளை எழுதுவது நியாயமே இல்லை. 991எம்எஸ்ஸில் ஏ முதல் எஃப் வரை, அப்புறம் எக்ஸ், ஒய், எம் என்று ஒன்பது இடங்களில் எண்களைப் போட்டு வைக்கலாம், அவ்வளவுதான். அடித்த கணக்கை அம்புக்குறியால் திரும்பப் பார்க்கலாம், ஆஃப் செய்தால் அதுவும் போய்விடும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எந்த மாடல் கூடும், எது கூடாது என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. காலேஜே நடத்தும் ஒரு இன்டர்னல் தேர்வில் என் தோழியின் 991இஎஸ் பிளஸ்ஸை (இதுவும் கேசியோதான்) ஹாலில் இருந்த மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னம் திரையில் புத்தகத்தில் இருப்பது மாதிரியே தெரிந்ததால் புரோகிராம் போட்டது என்று நினைத்துவிட்டார், அதில் புரோகிராம் வசதியே கிடையாது. அன்றைக்குப் பார்த்து ஹார்மோனிக் அனாலிசிஸ் கணக்கு (அட்டவணையில் தரும் மதிப்புகளை சைன், காஸ் தொடராக எழுதுவது), காஸ் சைன் அட்டவணை முழுவதையும் கையால் போட்டு அவள் பாதி வருவதற்குள் மணி அடித்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் நாலு மாடல் நம்பர் ஒட்டியிருந்தால் அவள் அன்று அழுதிருக்க மாட்டாள்.

கால்குலேட்டர் மூடியை ஹாலுக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். உள்பக்கம் பென்சிலில் எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அப்படிச் சொல்வதில் தப்பில்லை.

பயன்பாட்டுக்கு வருவோம். மோட் பட்டனை மூன்று தடவை தட்டி 1 அழுத்தினால் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஈக்வேஷன் மோட். மேட்ரிக்ஸ் பாடத்தில் வரும் ஐகன் வேல்யூ கணக்கில் முப்படிச் சமன்பாட்டின் மூலங்களை உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: சமன்பாட்டின் விடையாக காம்ப்ளெக்ஸ் எண் (ரியல், இமாஜினரி என்று இரண்டு பகுதி உள்ள எண்) வந்தால் திரையில் முதலில் ரியல் பகுதி மட்டும்தான் தெரியும், மேலே மூலையில் ஆர், ஐ என்று சின்னதாக ஒரு அடையாளம் வரும், ஷிஃப்ட் அழுத்தி சமக்குறி தட்டினால்தான் இமாஜினரி பகுதி தெரியும். அதைக் கவனிக்காமல் எட்டு மார்க் விட்டேன். சைன், காஸ் வருகிற இன்டெக்ரேஷனுக்கு கோண அளவை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றவும் மறக்காதீர்கள்.

எம்.டெக் சேர்வதற்கான கேட் (GATE) தேர்வு எழுதுகிறவர்கள் இந்த கால்குலேட்டரை உள்ளே கொண்டுபோக முடியாது. அங்கே திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் அழுத்த வேண்டும், கை பழக நாளாகும், இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.