சேவைச் சங்கத்தில் ஒரு வருடம்: பொருளாளராக இருந்து பார்த்தது

சேர்ந்த மூன்றாவது வாரமே என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். திறமையைப் பார்த்தெல்லாம் இல்லை. பொறுப்பேற்க இருந்தவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. "பகலில் வங்கிக்குப் போக முடிகிறவர்கள் யார்?" என்று தலைவர் கேட்டபோது, எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் கையைத் தூக்கியவள் நான் மட்டும்தான். ஜூலை 1 தொடங்கி ஜூன் 30-இல் முடிகிற சங்க வருடம் ஒன்றை அந்த நாற்காலியில் முழுதாகக் கழித்துவிட்டேன். "சேரலாமா?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம். உலகம் முழுக்கக் கிளைகள் வைத்திருக்கிற பெரிய அமைப்புகள் இருக்கின்றனவே, அந்த வகை. உறுப்பினர்கள் 34 பேர். மாதம் இரண்டு கூட்டம்.

சேரும்போது என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. முகாம் நடத்துவது வேலை, பணம் திரட்டுவது அதற்கான வழி, கூட்டம் போட்டுச் சிரித்துப் பேசுவது வெட்டி. இந்தக் கணக்கை வருடக் கடைசியில் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் சந்தேகம் அங்கேதான். பொறுப்பை ஒப்படைத்த மூத்த உறுப்பினர் இரண்டு வங்கிக் கணக்குப் புத்தகங்களை மேஜைமேல் வைத்து, "இது வேறு, அது வேறு. எந்த அவசரத்திலும் கலக்காதே" என்றார். ஒன்று நிர்வாகக் கணக்கு. நாங்கள் கட்டும் சந்தா அதில் வரும். கூட்ட அறை வாடகை, சாப்பாடு, தலைமைக்கு அனுப்பும் பங்கு எல்லாம் அதிலிருந்து போகும். மற்றது சேவைக் கணக்கு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் அதில் இருக்கும், அது பொதுமக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். லயன்ஸ் அமைப்பில் இது எழுதிவைத்த விதி. மற்ற நல்ல சங்கங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான். கேட்கும்போது சாதாரணமாக இருக்கும். ஆனால் நவம்பரில் நிர்வாகக் கணக்கு காலியாகி, சேவைக் கணக்கில் நல்ல தொகை கிடக்கும்போது, "அடுத்த மாதம் போட்டுவிடலாமே" என்று நான்கு பேர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கம் போனது. கடைசியில் சந்தா பாக்கி வைத்திருந்த பதினோரு பேருக்குப் போன் செய்தேன். அதில் மூன்று பேர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீங்கள் ஒரு சங்கத்தில் சேரும் முன் வேறு எதையும் கேட்க வேண்டாம், இந்த இரண்டு கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டினால் சேரலாம். "அதெல்லாம் எதற்கு, நாம் குடும்பம் மாதிரி" என்றால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிதி திரட்டுவதில் எங்களுக்கு விழுந்த பெரிய அடி இசை நிகழ்ச்சி. பெரிய அரங்கம், ஒலி அமைப்பு, அச்சடித்த டிக்கெட், விளம்பரம் என்று நான்கு மாத உழைப்பு. அரங்கம் நிரம்பியது, கைத்தட்டல் பிரமாதம், எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். கணக்கை முடித்துப் பார்த்தால் வசூலில் பாதிக்கு மேல் செலவுக்கே போயிருந்தது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் கண்ணில் பட்டது: டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் உறுப்பினர்களின் சொந்தக்காரர்களும் அலுவலகத்துக்காரர்களும். அதாவது, நாங்கள் எங்கள் சொந்த வட்டத்தையே கறந்திருந்தோம். அதே ஆட்களிடம் அடுத்த வருடமும் போய் நிற்க முடியாது.

அதற்கு நேர்மாறானது பழைய காகித வசூல். யோசனை சொன்னவர் சங்கத்திலேயே அதிகம் பேசாதவர். மாதத்தின் கடைசி ஞாயிறு ஒரு வண்டி, ஐந்து பேர், வீடு வீடாகப் பழைய செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி. வண்டி ஓர் உறுப்பினருடையது என்பதால் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு முறையும் வருகிற தொகை சிறியதுதான், முதல் மாதம் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பத்து மாதம் ஓடிய பிறகு இசை நிகழ்ச்சியில் மிஞ்சியதை அது தாண்டிவிட்டது. தொகையைவிட எனக்குப் பிடித்தது வேறு: காகிதம் கொடுத்த வீடுகளில் இருந்து இரண்டு பேர் பின்னால் தன்னார்வலர்களாக வந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்களில் ஒருவர்கூட அப்படி வரவில்லை. ரோட்டரியின் அறக்கட்டளைக்கு 1918-இல் கன்சாஸ் சிட்டி சங்கத்திலிருந்து வந்த முதல் நன்கொடை வெறும் 26 டாலர் 50 சென்ட். இதைக் காகிதக் குழுவிடம் சொன்னபோது அவர்களுக்கு ஒரு தெம்பு வந்ததைப் பார்த்தேன்.

குலுக்கல் சீட்டு நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. பல இடங்களில் அதற்கு அரசின் அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் நடத்தினால் தண்டனை உண்டு. விசாரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

சரி, நான் வெட்டி என்று நினைத்த கூட்டங்களுக்கு வருகிறேன். மணி அடித்துத் தொடங்குவது, பிறந்த நாள் வாழ்த்து, விருந்தினர் அறிமுகம், அபராதம்! அபராதம் என்றால் தண்டனை இல்லை. தாமதமாக வந்தவர், கைபேசி ஒலிக்க விட்டவர், புது வண்டி வாங்கியதைச் சொல்லாமல் மறைத்தவர் என்று யாரையாவது பிடித்துக் கிண்டல் செய்து உண்டியலில் சில்லறை போட வைப்பார்கள். லயன்ஸ் சங்கங்களில் இதற்கென்றே டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி இருக்கிறது. அவருக்கே அபராதம் போட வேண்டுமென்றால் கூட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு மாதம் இதையெல்லாம் பார்த்து, வளர்ந்தவர்கள் இப்படியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாற்றியது கண் முகாம். காலை ஏழு மணி முகாமுக்கு மக்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆறே முக்காலுக்குத்தான் தெரிந்தது, வர வேண்டிய மருத்துவக் குழுவின் வாகனம் பழுதாகிப் பாதி வழியில் நிற்கிறது என்று. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது செயலாளர் மூன்றே மூன்று போன்தான் போட்டார். ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து வண்டியோடு கிளம்பினார். இன்னொருவர் நாற்காலி கொண்டுவந்து முதியவர்களை உட்கார வைத்தார். மூன்றாமவர் வரிசைக்கு டோக்கன் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் "ஏன் நான்?" என்று கேட்கவில்லை. அந்த மூன்று பேரும், போன கூட்டத்தில் செயலாளர் வம்புக்கு இழுத்து அபராதம் கட்ட வைத்தவர்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போதுதான் புரிந்தது: அறிமுகம் மட்டும் இருக்கிற மனிதரை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுப்ப முடியாது. எழுப்புவதற்கு ஒரு உரிமை வேண்டும். அந்த உரிமையைத்தான் மாதம் இரண்டு முறை உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பின்னால் படித்தபோது இது பழைய கதை என்று தெரிந்தது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையல் தொழில்காரர் ஆகியோரோடு கூடியபோது சேவை என்ற பேச்சே பெரிதாக இல்லை. பெரிய நகரத்தில் தனியாகக் கிடந்தவர்கள் நட்புக்காகவும் தொழில் பழக்கத்துக்காகவும் கூடினார்கள். ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, அடுத்தவர் அலுவலகத்தில் மறுமுறை என்று சுற்றி வந்ததால்தான் ரோட்டரி என்ற பெயர். பொதுக் கழிப்பறை வேண்டும் என்று நகரத்துக்காக அவர்கள் முயற்சியில் இறங்கியது 1907-இல்தான். நட்பு முன்னால், சேவை பின்னால். அதே அமைப்பு 1985-இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. 1988-இல் உலக சுகாதார அமைப்பும் பிறரும் சேர்ந்த உலகளாவிய திட்டம் தொடங்கியபோது வருடத்துக்கு 3,50,000 பேர் பாதிக்கப்பட்டுவந்தார்கள், அது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. அதற்கு நடுவில் எத்தனை ஆயிரம் சலிப்பூட்டும் கூட்டங்கள் நடந்திருக்கும் என்று பொருளாளர் மூளை கணக்குப் போடுகிறது.

முகாம்களிலும் கற்றுக்கொள்ள இருந்தது. முதல் ரத்ததான முகாமை ஆர்வத்தில் சங்கத்தின் நிறுவன நாளில் வைத்தோம். நல்ல கூட்டம். ரத்த வங்கியிலிருந்து வந்த பெண்மணி மென்மையாக ஒன்று சொன்னார்: "அம்மா, இதே வாரத்தில் இன்னும் நான்கு இடத்தில் முகாம் இருக்கிறது. சிவப்பணுவை 42 நாள்வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. எல்லோரும் நல்ல நாள் பார்த்தால் மற்ற நாளில் நாங்கள் என்ன செய்வது?" அதற்குப் பிறகு அவரிடமே தேதி கேட்டு வைத்தோம். அவர் சொன்னது பரீட்சைக் காலம், நீண்ட விடுமுறை வாரம் மாதிரி யாரும் முகாம் வைக்காத நாட்கள். கூட்டம் பாதியாகிவிட்டது. பேனரில் போடும் எண்ணிக்கை குறைந்ததில் தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கண் முகாமில் நடந்தது இன்னும் உறைத்தது. வாசிப்புக் கண்ணாடி கொடுப்பது சுலபம். நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு அது தேவைப்படும், அன்றே போட்டுக்கொண்டு சிரித்தபடி போவார்கள், புகைப்படமும் நன்றாக வரும். கண்புரை அப்படி இல்லை. 31 பேருக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துச் சும்மா விசாரித்தபோது 9 பேர்தான் போயிருந்தார்கள். சிகிச்சை இலவசம், மருத்துவமனை தயார், அப்படியும். ஒவ்வொருவராகப் போனில் கேட்டபோது வந்த பதில்கள் எளிமையானவை. கூட வர ஆள் இல்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு கண் தெரிகிறதே, போதும். பயம். இதில் எதையும் பணத்தால் தீர்க்க முடியாது. உட்கார்ந்து பேச ஆளும், கூட்டிக்கொண்டு போய் வர ஆளும் வேண்டும். லயன்ஸ் அமைப்பு பார்வைப் பணியை எடுத்ததே 1925-இல் ஹெலன் கெல்லர் அவர்களிடம் நேரில் வந்து கேட்டதனால். அவர் கேட்டது ஒருநாள் விழாவை இல்லை என்று எனக்குத் தோன்றும். அதிலிருந்து போன் பட்டியல் என் பொறுப்பாயிற்று. செவ்வாய் மாலை ஒரு மணி நேரம், கையில் ஒரு நோட்டு. ஜூன் கடைசிக்குள் 22 பேர் அறுவை சிகிச்சை முடித்துவிட்டார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புகைப்பட ஆசை. ஒரு சக்கர நாற்காலி கொடுக்கப் பதினேழு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் எங்கள் குழுவில் இருக்கிறது. வாங்கியவரின் முகம் எங்கேயோ ஓரத்தில். விருதுக்கு அனுப்பும் அறிக்கை எழுதவே வருடத்தில் பல இரவுகள் போகின்றன. பதவியேற்பு விழாவின் செலவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் விட்டுவிடுகிறேன். வருடா வருடம் தலைவர் மாறுவது ஒருவரே பிடித்துக்கொள்ளாமல் இருக்க நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு புதுத் தலைவருக்கும் ஒரு புதுத் திட்டம் வேண்டும், பழையது அநாதையாகிவிடும். காகித வசூலைக்கூட இந்த ஜூலையில் நிறுத்தப் பார்த்தார்கள்.

அப்புறம், பெண்கள் விஷயம். ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் ஆகிய மூன்று சேவை அமைப்புகளிலும் பெண்களுக்குக் கதவு திறந்தது 1987-இல்தான். ரோட்டரிக்கு அது தானாக வரவில்லை. பெண்களைச் சேர்த்ததற்காக நீக்கப்பட்ட டுவார்ட்டே என்ற கலிபோர்னியா சங்கத்தின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் சங்கத்தில் முதல் நிகழ்ச்சிக்கு என் பெயரை வரவேற்புக் குழுவில்தான் போட்டிருந்தார்கள். பொருளாளர் வாசலில் நின்றால் நன்கொடை ரசீதை யார் போடுவது என்று கேட்டேன். அடுத்த முறை வாசலில் இரண்டு ஆண்கள் நின்றார்கள், நன்றாகவே சிரித்தார்கள்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: சாதாரண உறுப்பினருக்கு மாதம் ஆறேழு மணி நேரம் போதும். பொறுப்பில் இருந்தால் அதைப் போல மூன்று மடங்கு, மார்ச்சிலும் ஜூனிலும் அதற்கு மேல். தொழிலுக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், நான்கு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். பழகக் கூச்சப்படுகிறவர்கள் தாராளமாக வரலாம். காகித வண்டியில் ஏறிக்கொண்டால் ஐந்தாவது தெருவுக்குள் பேச்சு வந்துவிடும்.

புது வருடத்துக்கான சந்தாவைக் கட்டிவிட்டேன். இரண்டு கணக்குப் புத்தகங்களையும் அடுத்த பொருளாளரிடம் கொடுத்து, எனக்குச் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். போன் பட்டியலை மட்டும் கொடுக்கவில்லை. 31-இல் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. அதில் ஒரு பாட்டி, பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார். தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன், மறுநாளே கூப்பிடுவேன்.