ஐஸ்கிரீமா, 22/7-ஆ, இடக்கையா: கோடைக் கூட்டத்துக்கு எந்த வேடிக்கை நாள்?

கோடை விடுமுறையில் உறவினர்களும் நண்பர்களும் ஒரே வீட்டில் கூடினால் முதல் இரண்டு நாள் பேச்சிலேயே கரைந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் சிறுவர்கள் “இன்னைக்கு என்ன?” என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்விக்கு விடையாக, புத்தாடையும் சடங்கும் பரிசுப் பொருளும் எதிர்பார்க்காத வேடிக்கை நாள்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாள்காட்டியில் இறைந்து கிடக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் தம் விருப்பத்துக்கு அறிவித்தவை. சில நாள்களுக்கு மட்டுமே அந்தத் தேதியில் வருவதற்கான உருப்படியான காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் சில ஆண்டுகளாக இவற்றுள் பலவற்றை முயன்று பார்த்திருக்கிறோம் என்பதால், எது கூட்டத்தைக் கட்டிவைக்கும், எது அரை மணியில் நீர்த்துப்போகும் என்பதைச் சற்றுத் துணிவோடு சொல்ல முடியும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. முதல் அரை மணி நேரம் கழிந்தபின் என்ன நடக்கிறது என்பதும், வீட்டில் மூத்தவரும் இளையவரும் ஏறத்தாழ ஒரே தளத்தில் நின்று கலந்துகொள்ள முடிகிறதா என்பதும்தான் முக்கியம். தேதி எந்தக் கிழமையில் விழுகிறது, பொருள்கள் எளிதில் கிடைக்கின்றனவா என்பவை அதற்கு அடுத்தவை. இந்த நாள்கள் பெரும்பாலும் வடகோளத்தின் குளிர்நாடுகளில் தோன்றியவை என்பதால் அவற்றின் கணக்கில் கோடை என்பது ஜூனும் ஜூலையும் ஆகஸ்டும். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இவை நடுக்குளிரில் வரும். தேதியை மாற்றிக்கொண்டால் எவரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்றாலும், தேதியிலேயே வேடிக்கை ஒளிந்திருக்கும் நாள்களை மாற்றினால் சுவை போய்விடும்.

முதலில் எல்லோரும் கை தூக்குவது ஐஸ்கிரீம் நாளுக்கே. 1984-இல் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகன் ஜூலை மாதத்தை ஐஸ்கிரீம் மாதமாகவும், அம்மாதம் 15-ஆம் தேதியை ஐஸ்கிரீம் நாளாகவும் அறிவித்தார். அது ஜூலையின் மூன்றாம் ஞாயிறு. அறிவிப்பு அந்த ஓர் ஆண்டுக்கு உரியதுதான். ஆனால் மக்கள் மூன்றாம் ஞாயிறு என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் கொண்டாடி வருகிறார்கள். எப்போதும் ஞாயிற்றுக்கிழமையிலேயே வருவது இந்த நாளின் பெரும் பலம். பலவீனமும் வெளிப்படையானது: வாங்கி வந்து உண்பது மட்டுமே கொண்டாட்டம் என்றால், கிண்ணங்கள் காலியானதும் விழாவும் முடிந்துவிடும், இருபது நிமிடம்கூடத் தாங்காது.

ஆகையால் கடையில் வாங்காமல் கையால் செய்வதென்று முடிவெடுத்தால் மட்டும் இந்த நாளைப் பரிந்துரைப்பேன். பாலும் பாலேடும் சர்க்கரையும் சிறிது வெனிலாவும் சேர்த்து ஒரு சிறிய ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, அதை உடைத்த பனிக்கட்டியும் கல்லுப்பும் நிறைந்த பெரிய பைக்குள் வைத்துக் குலுக்க வேண்டும். உப்பு, நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. அதனால் பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழேயும் உருகத் தொடங்கி, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து இழுத்துக்கொள்கிறது. தகுந்த விகிதத்தில் கலந்தால் இக்கலவை −21 டிகிரி செல்சியஸ் வரை செல்லக்கூடியது என்பதால், வெறுங்கையால் பையைப் பிடிக்கவிடக் கூடாது. தடித்த துண்டைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பால் கெட்டிப்படும், ஆனால் ஏழாவது நிமிடத்திலேயே எல்லாச் சிறுவர்களுக்கும் கை வலித்துவிடும். அப்போது பை பாட்டியின் மடியிலிருந்து மாமாவின் கைக்கும், மாமாவிடமிருந்து அடுத்த வீட்டு நண்பனுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். உண்மையில் அந்த மூன்று நிமிடம்தான் விழா.

ஜூலை 17 உலக எமோஜி நாள். ஆப்பிளின் நாள்காட்டிச் சின்னத்தில் அந்தத் தேதி அச்சாகியிருப்பதை வைத்து ஜெரமி பர்ஜ் என்பவர் 2014-இல் இதைத் தொடங்கினார்; ஆப்பிள் தன் நாள்காட்டிச் செயலியை 2002-இல் அதே தேதியில் அறிவித்ததுதான் அச்சின்னத்தின் பின்னணி. தோற்றக் கதை சுவையானது, கொண்டாட்டம் சுவையற்றது. திரைப்படப் பெயரை எமோஜிகளால் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்பதைத் தவிர இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்கும் எல்லோரும் கைபேசியையே வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவா இத்தனை பேர் பயணம் செய்து வந்தார்கள்?

ஜூலை 20-க்கு இரண்டு உரிமையாளர்கள். 1924-இல் பாரிஸில் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றிய நாளும், 1969-இல் மனிதர் நிலவில் இறங்கிய நாளும் அதுவே. சதுரங்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது என்றாலும் கூட்டத்துக்கு ஏற்றதன்று. இருவர் ஆடுவார்கள், பத்துப் பேர் கொட்டாவி விடுவார்கள்.

ஜூன் 21-இல் வரும் இசை நாளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 1982-இல் பிரான்சில் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கின் காலத்தில் தொடங்கிய இவ்விழா, வடகோளத்தின் மிக நீண்ட பகலை ஒட்டி வருகிறது. ‘ஃபெத் த லா முசீக்’ என்ற அதன் பெயரைக் காதால் கேட்டால் ‘இசை விழா’ என்றும் பொருள்படும், ‘இசைத்துப் பாருங்கள்’ என்றும் பொருள்படும். எழுதும்போதுதான் வேறுபாடு தெரியும். தேர்ந்தவர் மட்டுமன்றி எவரும் தெருவில் இறங்கி வாசிக்கலாம் என்பதே அதன் நோக்கம். வீட்டில் நடப்பதோ வேறு. நன்றாகப் பாடுபவர் ஒருவர் இருந்துவிட்டால் மற்றவர்கள் அவையோராகிவிடுவார்கள். எவருமே இல்லையென்றால் தட்டும் கரண்டியும் படும் பாட்டில் அண்டை வீட்டாரின் பொறுமைதான் முதலில் உடையும். கண்ணாடிக் கோப்பைகளில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றி, கரண்டியால் மெல்லத் தட்டிச் சுரம் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றுதான் இரு தரப்பையும் காப்பாற்றுகிறது. நீர் கூடக்கூட ஒலி தாழும் என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் தானே கண்டுகொள்ளும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நாள்களுக்கு வருகிறேன். முதலாவது ஜூலை 22. தேதியை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோருக்கு அது 22/7. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய ‘பை’யின் தோராய மதிப்பு என்று பள்ளியில் நாம் கற்ற அதே பின்னம். (இதைச் சொன்னதும் என் தங்கை மகன் “எந்தப் பை மாமா, ஸ்கூல் பையா?” என்று கேட்டான், அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் பாதி விழா முடிந்துவிட்டது.) மாதத்தை முன்னால் எழுதும் வழக்கப்படி 3.14 ஆகிய மார்ச் 14-க்குத்தான் உலகப் புகழ். ஆனால் கணக்கின்படி நம் ஜூலை நாளே உண்மைக்குச் சற்று நெருக்கம்: 22/7 என்பது 3.142857 எனத் தொடங்குகிறது, ‘பை’யோ 3.14159, இரண்டுக்கும் உள்ள இடைவெளி, 3.14-க்கும் ‘பை’க்கும் உள்ள இடைவெளியைவிடக் குறைவு. ‘பை’யின் மதிப்பு 22/7-ஐ எட்டாது என்று ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவியிருக்கிறார்.

இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விளையாட்டுகளைச் சொல்வேன். ஒன்று சிறியவர்களுக்கு: வீட்டிலுள்ள தட்டு, மூடி, வாளி எல்லாவற்றையும் நூலால் சுற்றி அளந்து, விட்டத்தால் வகுத்துப் பார்ப்பது. 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு 88 சென்டிமீட்டர் நூலை விழுங்கும். யாருடைய விடை 22/7-க்கு மிக அருகில் வருகிறதோ அவர் வென்றவர். மற்றொன்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் புஃபோன் எழுப்பிய புதிரிலிருந்து வந்தது. ஒரு பெரிய தாளில் பல்குச்சியின் நீளத்தைப் போல இரு மடங்கு இடைவெளி விட்டு இணைகோடுகள் வரைந்து, குச்சிகளை ஒழுங்கில்லாமல் தூவிவிட்டு, எத்தனை குச்சிகள் கோட்டின்மேல் விழுந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். தூவியவற்றின் எண்ணிக்கையைக் கோட்டில் விழுந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் ‘பை’யை ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். 200 குச்சிகளில் 64 விழுந்தால் விடை 3.125, 71 விழுந்துவிட்டால் 2.82. பிழை பெரிதாக இருந்தால் இன்னும் 200 தூவ வேண்டும் என்பதுதான் தண்டனை. வட்டமே இல்லாத தாளிலிருந்து வட்டத்தின் எண் எழுந்து வருவதைப் பார்த்து, கணக்கென்றால் எழுந்து போய்விடும் பெரியவர்களும் தரையில் அமர்ந்து குச்சி எண்ணுவார்கள்.

ஆனாலும் இந்நாளுக்குக் குறை உண்டு. கணக்கு ஆசிரியர் ஒருவரோ அவரைப் போன்றவரோ கூட்டத்தில் இருந்தால் விழா மெல்ல வகுப்பாகிவிடும். கிழமையும் கைகொடுப்பதில்லை, வார நாளில் வந்தால் வேலைக்குச் செல்பவர்கள் இருக்க மாட்டார்கள், தேதியைத் தள்ளிவைத்தால் 22/7 என்ற நகைச்சுவையே இல்லை.

இரண்டாவது ஆகஸ்ட் 13, இடக்கையர் நாள். அமெரிக்காவில் இடக்கையருக்கான அமைப்பொன்றை நிறுவிய டீன் கேம்பெல் 1976-இல் இதைத் தொடங்கியதாகக் குறிப்பிடுவார்கள். அந்த ஆண்டு அத்தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தது என்பது 13-ஆம் எண்ணை அஞ்சுவோருக்கான கூடுதல் செய்தி. மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், இருபது பேர் கூடும் வீட்டில் ஒருவரோ இருவரோ பெரும்பாலும் அகப்படுவார்கள். விதி ஒன்றே: காலை முதல் மாலை வரை வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கையால் இயங்க வேண்டும். கத்தி, அடுப்பு, வெந்நீர் மூன்றுக்கும் விலக்கு. அதில் சமரசம் கூடாது.

எங்கள் வீட்டில் இடக்கைக்காரி என் அண்ணன் மகள். அவளுக்கென்று வாங்கிய இடக்கைக் கத்தரிக்கோலை அன்று என் அப்பாவின் வலக்கையில் கொடுத்து ஒரு தாளைக் கத்தரிக்கச் சொன்னோம். தாள் வெட்டுப்படாமல் இரு அலகுகளுக்கும் நடுவே மடிந்து நுழைந்துகொண்டது. அவர் கத்தரிக்கோலைத் திருப்பிப் பார்த்து, “முனை மழுங்கிப்போச்சு” என்றார். “மழுங்கலை தாத்தா, அது உங்க கைக்கு இல்லை” என்று அவள் வாங்கி, இடக்கையால் ஒரே இழுப்பில் நேராக வெட்டிக் காட்டினாள். காரணம் அலகுகள் பொருந்தியிருக்கும் விதம்தான். கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் எதிர்ப்பக்கமும் தள்ளுகின்றன. உரிய கையில் அந்தத் தள்ளல் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும், மாற்றுக் கையில் அதே தள்ளல் அவற்றை விலக்கும். போதாக்குறைக்கு மேல் அலகு வெட்டவேண்டிய கோட்டையும் மறைத்துவிடும். பள்ளியின் பொதுக் கத்தரிக்கோலோடு அவள் தினமும் பட்ட பாட்டை அவர் அறுபத்தெட்டு வயதில் ஒரு நிமிடம் பட்டார்.

அதன்பின் சோதனைகள் தாமாகவே பெருகின. இடமிருந்து வலமாக எழுதும்போது இடக்கை, எழுதிய மையின்மேலேயே ஊர்ந்து செல்வதால் விரலோரம் நீலமாகிறது. சுருள்கம்பி நோட்டில் கம்பியின்மேல் மணிக்கட்டு ஏறி நிற்கிறது. இரண்டு மூலைகளில் மட்டும் எண் அச்சிட்ட சீட்டுகளை இடக்கைக்காரர் தம் வசதிக்கு விரித்துப் பிடித்தால் எண்கள் எல்லாம் மறைந்து வெறும் மூலைகளே தெரிகின்றன. பந்தை இடக்கையால் எறியும் போட்டியில், பதினாறு வயது விளையாட்டு வீரனும் எட்டு வயதுத் தங்கையும் ஒரே தொலைவுக்குத்தான் எறிகிறார்கள். மற்ற எந்த நாளிலும் கிடைக்காத சமநிலை இது: வயதும் திறமையும் தந்த முன்னுரிமை அனைத்தும் கைமாறியவுடன் காணாமல் போய், வழக்கமாகத் திருத்தப்படும் ஒரு சிறுமி அன்று முழுவதும் மற்றவர்களைத் திருத்துகிறாள். வலக்கைக்குச் ‘சோற்றாங்கை’ என்ற மதிப்பான பெயரையும் இடக்கைக்குச் சபையில் சொல்லத் தயங்கும் பெயரையும் பேச்சுத்தமிழ் வைத்திருப்பதை அவள் எங்களிடம் நீதி கேட்கும் குரலில் எடுத்துச் சொன்னபோது, எவரிடமும் விடையில்லை.

இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆகஸ்ட் 12-ஆம் தேதியின் இரவிலிருந்து 13-இன் விடியல் வரை பெர்சியட் எரிகற்பொழிவு உச்சத்தை ஒட்டி நிற்கும். இருண்ட, மேகமற்ற வானமும் நிலவொளிக் குறைவும் அமைந்தால், நள்ளிரவுக்குப் பின் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு எண்ணலாம். கருவி ஏதும் வேண்டாம். 1908-இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் நிகழ்ந்த பெருவெடிப்பை நினைவுகூரும் ஜூன் 30 சிறுகோள் நாளுக்கு ஐக்கிய நாடுகள் அவையின் ஏற்பு இருக்கிறது, ஆனால் அன்று வானில் காண்பதற்கென்று ஒன்றுமில்லை. பெர்சியட் இரவு எந்த அறிவிப்புக்கும் காத்திருப்பதில்லை.

ஐந்தாறு பேர் மட்டும் என்றால், அதிலும் மழை பெய்து வீட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தால், நான் ஜூலை 22-ஐத்தான் தேர்வேன். கைக்குழந்தைகளும் மிக முதியவர்களும் மிகுந்த கூட்டத்துக்குக் குலுக்கும் ஐஸ்கிரீம் போதும். பத்துப் பேரைத் தாண்டிவிட்டால், அவர்களுள் ஒரே ஓர் இடக்கைக்காரர் இருந்தாலும், ஆகஸ்ட் 13-க்கு ஈடில்லை. அந்த இடக்கைக் கத்தரிக்கோல் இப்போதும் எங்கள் வீட்டு இழுப்பறையில் மற்றதோடு கலந்தே கிடக்கிறது. அவசரத்தில் அதை எடுத்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் என் அப்பாதான். ஆனால் இப்போதெல்லாம் முனையைக் குறை சொல்வதில்லை, பேத்தியைக் கூப்பிடுகிறார்.