மாருதி 800-ஆ, ஜென்னா? பழைய கார் பிராஜெக்டுக்கு எதை எடுப்பது

ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸ் படிய வேலை பார்க்க ஒரு பழைய சின்னக் கார் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களின் பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும்: மாருதி 800, மாருதி ஜென். ஃபியட் ஊனோ அழகான வண்டிதான். ஆனால் கண்ணாடியைச் சுற்றி வரும் ஒரு ரப்பர் பீடிங்குக்காக மாதக்கணக்கில் அலையும் பொறுமை எல்லோருக்கும் கிடையாது. முதல் சான்ட்ரோவும் இண்டிகாவும் இன்னும் ‘பழைய கார்’ ஆகவில்லை, ‘ஓடித் தேய்ந்த கார்’ என்ற நிலையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பத்து வருடம் கழித்துப் பேசலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையபடி ஆக்கிப் பார்க்க 800, மாற்றி ஓட்டிப் பார்க்க ஜென். இதைத் தலைகீழாகச் செய்யப் போனால் பாதி வேலையில் வண்டி ஓஎல்எக்ஸுக்குப் போய்விடும்.

800 வெளிவந்தது 1983 டிசம்பரில். அந்த முதல் உடலை எஸ்எஸ்80 என்பார்கள். 1986-ல் நாம் தெருவில் பார்த்துப் பழகிய வடிவம் வந்தது, அது 2014 தொடக்கம் வரை ஓடியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெரும்பாலான வண்டிகளில் நாலு கியர், 40-ஐத் தொடாத குதிரைத்திறன், எடை 650 கிலோவை ஒட்டி. ஜென் 1993-ல் வந்தபோது அது வேறு ஜாதி: 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய பிளாக், 50 குதிரைத்திறன், ஐந்து கியர். சுசுகி ஆல்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியான கார். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 800-க்கு 2175 மில்லிமீட்டர், ஜென்னுக்கு 2335. வளைவில் திருப்பும்போது அந்தப் பதினாறு சென்டிமீட்டர் என்ன செய்கிறது என்று இடுப்புக்குத் தெரியும்.

உதிரிபாகத்தில் 800-க்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. காரணம் எண்ணிக்கை மட்டுமல்ல. அதே 796 சிசி இன்ஜின் ஆம்னியில் 2019 வரை ஓடியது. அதன் பன்னிரண்டு வால்வு வாரிசு ஆல்டோ 800-ல் 2023 வரை இருந்தது. ஆகவே ரிங், பேரிங், கேஸ்கெட், கிளட்ச் பிளேட் எதுவுமே பிரச்சினை இல்லை. 1986-க்குப் பிந்தைய உடலுக்கு ஃபெண்டர், கதவு, பானெட் கூட வெளிக் கம்பெனித் தகடாகக் கிடைக்கும், பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், டிங்கர் தட்டிச் சரி செய்துவிடுவார். எஸ்எஸ்80 என்றால் மட்டும் ஆட்டம் வேறு. அதன் பின்கதவு முழுக்கக் கண்ணாடி. அது உடைந்த வண்டியை ‘இன்ஜின் பக்காவா இருக்கு சார்’ என்று ஒருவர் விற்கிறார் என்றால், இன்ஜினைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஜென்னுக்கு மெக்கானிக்கல் சாமான் பெரிய கவலை இல்லை. வலிப்பதெல்லாம் பிளாஸ்டிக்கும் துணியும்தான்: டேஷ்போர்டு துண்டுகள், கதவு பேனல், விரிசல் விடாத ஹெட்லைட், சீட் துணி. சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், இன்னொரு ஜென்னில் முப்பது வருடம் வெயில் பட்டு வெளுத்ததாகக் கிடைக்கும். ஃபேக்டரியிலிருந்து வந்த நாள் போல உள்ளே இருக்க வேண்டும் என்ற வெறி உள்ளவரை ஜென் சோதித்துவிடும்.

துரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கடலோர ஊர் வண்டி என்றால் கூடுதல் கவனம். இன்ஜினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிக்கலாம், தகடு போன உடலை மீட்பதுதான் பணத்தை விழுங்கும். 800 பார்க்கப் போனால் முதலில் டிரைவர் பக்க மேட்டைத் தூக்குங்கள், அதற்குக் கீழே உள்ள தரைவிரிப்பையும் உரித்துத் தூக்குங்கள். ஈர வாசனை வந்தால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும், செத்த தகடு அட்டை போல ‘தப்’ என்னும். அப்புறம் பேட்டரி உட்காரும் தட்டு, கதவுக்குக் கீழே ஓடும் சில், பின்கதவின் அடி விளிம்பு. ஜென்னில் பின் சக்கர வளைவையும் முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து பூட்டும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். அது ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பள்ளத்தை மூடப் பூசும் பட்டி தடித்திருக்கிறது என்று அர்த்தம், பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது. ஒழுங்கான டிங்கரிங் என்றால் செத்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டு செய்து, பிரைமர் அடித்து, சில்லுக்கு உள்ளே மெழுகு தெளிப்பது. துருவின் மேலேயே பட்டி பூசித் தரும் பெயிண்டரின் மலிவான கொட்டேஷனை நம்பினால் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் வரும்.

இன்ஜினில் 800-இன் இரும்பு பிளாக் பொறுமைசாலி. ஜென்னின் அலுமினியம் சூடேறினால் மன்னிக்காது. வாங்குவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் பாடு, ஆயில் மூடிக்கு உள்ளே மோர் நிறக் கசடு, இரண்டில் எது இருந்தாலும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி லேத்தில் மட்டம் பார்க்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கார்புரேட்டரா, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐயா என்று கேட்டால், பிராஜெக்ட் சுகம் கார்புரேட்டரில்தான் இருக்கிறது. 2000 வாக்கில் இரண்டு கார்களும் எம்பிஎஃப்ஐக்கு மாறின. 800-க்குப் பன்னிரண்டு வால்வும், ஜென்னுக்குப் பதினாறு வால்வும் 60 குதிரைத்திறனும் வந்தன. தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் இப்போது ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது: பங்கில் வரும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எந்த வேலைக்கும் முன்னால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் கசிந்தால் அது டியூனிங் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சினை.

மாற்றம் செய்வது என்று வந்தால் 800-இன் எல்லை சீக்கிரம் வந்துவிடும். 12 இன்ச் சக்கரம், பழைய மாடல்களில் நாலு பக்கமும் டிரம் பிரேக். அதில் ஜென் இன்ஜினைத் திணிப்பவர்கள் உண்டு. வேகம் வரும், நிற்பது எப்படி என்ற கேள்வியும் கூடவே வரும். ஜென் முன்னால் டிஸ்க்கோடு, 13 இன்ச் சக்கரத்தோடு வந்த கார். அதற்குப் புது புஷ், நல்ல ஷாக், கொஞ்சம் இறுக்கமான ஸ்பிரிங், தரமான டயர், புது பிரேக் ஹோஸ் போட்டாலே வேறு காராகிவிடும். இந்த வேலை முடியும்முன் இன்ஜினைத் தொடாதீர்கள் என்பேன்.

ஆனால் ஜென்காரர்களின் கனவு மாருதியின் எஸ்டீம் செடானில் வந்த 1298 சிசி இன்ஜின். ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். பதினாறு வால்வு வகையில் 85 குதிரைத்திறன், அந்த எடைக்கு அது வெறித்தனம். சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் போய்விட்டால் அதே வகை இன்ஜின் போட்டு ஆர்டிஓவில் பதிய வழி இருக்கிறது. சிசி கூடிய இன்ஜினைச் சத்தமில்லாமல் போட்டு ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான். நிறம் மாற்றுவது பெரிய விஷயமில்லை, ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பும் பசுமை வரியும் உண்டு. 20 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகிவிட்டது. ஆர்.சி. காலாவதியான வண்டியைக் ‘காகிதம் அப்புறம் பாத்துக்கலாம்’ என்று வாங்காதீர்கள்.

ஜென்னில் ஒரே ஒரு விதிவிலக்கு. 2003-ல் கார்பன், ஸ்டீல் என்ற பெயரில் மூன்று கதவு ஜென்கள் குறைந்த எண்ணிக்கையில் வந்தன, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. அதில் ஒன்று துரு இல்லாமல் கையில் சிக்கினால் மேலே சொன்ன ஸ்பிரிங், டயர் கதையெல்லாம் வேண்டாம். 800-க்குச் செய்வது போல, கம்பெனி ஸ்டிக்கர் வரை தேடித் தேடி ஒட்டிப் பழையபடி ஆக்குங்கள்.